சோறு எங்கே செரிக்கிறது: இரைப்பையிலா, சிறுகுடலிலா?

சாக்பீஸ்_தூள் (கேள்வி)

வணக்கம். அடுத்த வாரம் செரிமான மண்டலம் நடத்த வேண்டும். படம் வரைந்து பாகம் குறிக்கச் சொன்னால் பிள்ளைகள் எல்லாரும் குறித்துவிடுகிறார்கள். "சாப்பாடு எங்கே செரிக்கிறது?" என்று கேட்டால் மட்டும் ஒரே குரலில் "வயித்துல டீச்சர்" என்று இரைப்பையைக் காட்டுகிறார்கள். ஒரு தட்டு சோறு, பருப்பு, மேலே ஒரு ஸ்பூன் நெய். இந்த மூன்றும் எங்கெங்கே, எவ்வளவு நேரத்தில் உடைகின்றன என்று தொடர்ச்சியாகச் சொல்லிக்காட்ட ஆசை.

கூடவே மூன்று சந்தேகம். உமிழ்நீர், அயோடின் சோதனையில் பத்து நிமிடம் கழிந்தும் கருநீலம் போகவில்லை, எங்கே பிழை? பித்தப்பையை எடுத்துவிட்டவர்களுக்கு நெய், எண்ணெய் எப்படிச் செரிக்கும்? சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் அமிலம் நீர்த்துப்போகும் என்கிறார்களே, உண்மையா?

இலியம்47

டீச்சர், இரைப்பையை ஒரு கிடங்கு என்று சொல்லிக்கொடுங்கள். உள்ளேயே ஓர் அரவை மில் உண்டு, வாசலில் அளந்து விட ஆள் உண்டு. உண்மையான செரிமானத்தில் பெரும்பங்கும், சத்தை உறிஞ்சுவதில் ஏறக்குறைய முழுதும் சிறுகுடலின் வேலை. புற்றுநோய்க்காக இரைப்பையை முழுசாக எடுத்துவிட்டு உணவுக்குழாயைச் சிறுகுடலோடு சேர்த்துத் தைக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் பல ஆண்டுகள் வாழ்கிறார்கள். மூன்று வேளையை ஆறு சிறுவேளையாகப் பிரித்துச் சாப்பிட வேண்டும், பி12 ஊசி ஆயுளுக்கும் வேண்டும், அவ்வளவுதான். சிறுகுடல் விஷயம் வேறு. அது 2 மீட்டருக்கும் கீழே குறைந்துபோனால் வாய்வழிச் சாப்பாடு போதாமல் ரத்தக் குழாய் வழியாகச் சத்து ஏற்ற வேண்டிய நிலைகூட வரலாம்.

இனி உங்கள் தட்டு.

வாயில் சோற்றின் மாவுச்சத்தை உமிழ்நீரின் அமைலேஸ் என்ற நொதி வெட்டத் தொடங்கும். ஒரு நாளைக்கு ஊறும் உமிழ்நீர் 1 முதல் 1.5 லிட்டர். ஆனால் நாம் ஒரு கவளத்தை வாயில் வைத்திருப்பது சில விநாடிகள்தான், அதனால் வாய்க்குள் நடப்பது சொற்பம். விழுங்கியதும் குரல்வளை மூடி மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்ள, கவளம் 25 செ.மீ. உணவுக்குழாயைச் சுமார் பத்து விநாடியில் கடக்கும். தலைகீழாக நின்று விழுங்கினாலும் போய்ச் சேரும். தள்ளுவது தசையின் அலை, புவியீர்ப்பு இல்லை.

இரைப்பையின் மேல்பகுதியில் கவளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். அங்கே கலக்கல் குறைவு. கவளத்தின் நடுப்பகுதிக்குள் அமிலம் ஊடுருவும்வரை, அரை மணி நேரத்துக்கு மேலேகூட, உமிழ்நீர் அமைலேஸ் உள்ளுக்குள் வேலை செய்துகொண்டே இருக்கும். "இரைப்பையில் மாவுப்பொருள் செரிக்காது" என்று பிள்ளைகள் எழுதினால் மதிப்பெண் போட்டுவிடுங்கள், ஆனால் வகுப்பில் இதையும் சொல்லுங்கள்.

பருப்பின் புரதத்தை அமிலம் முதலில் நெகிழ்த்தும், சுருண்டு கிடக்கும் இழை அவிழும். அதன் பிறகு பெப்சின் வெட்டும். வெறும் வயிற்றில் இரைப்பையின் பி.எச். (அமில அளவுகோல், எண் குறையக் குறைய அமிலம் கடுமை) 1.5 முதல் 2 வரை இருக்கும். இருந்தும் மொத்தப் புரதச் செரிமானத்தில் பெப்சினின் பங்கு ஏறத்தாழ 10 முதல் 20 சதவீதம்தான். மிச்சமெல்லாம் கணைய நீரின் பொறுப்பு.

இரைப்பையின் கீழ்ப்பகுதி நிமிடத்துக்கு 3 முறை சுருங்கி, உள்ளே இருப்பதை மூடிய வாசலில் மோதித் திருப்பி அடிக்கும். ஆட்டுக்கல்லில் மாவைத் தள்ளித் தள்ளி விடுவது போல. அந்த வாசல்தான் பைலோரஸ். 1 அல்லது 2 மில்லிமீட்டருக்கும் சிறிதாக அரைந்த துகள்தான் அதைத் தாண்டும், பெரிசு திரும்ப அரவைக்கு. இப்படி அரைபட்டதைத்தான் நம் பாடநூல் இரைப்பைப்பாகு என்கிறது.

வாசலில் அளந்து விடுவது என்றேனே, அந்த அளவு ஏறக்குறைய கலோரிக் கணக்கு. நிமிடத்துக்கு 2 அல்லது 3 கிலோகலோரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தட்டு 500 கிலோகலோரி என்றால் காலியாக மூன்று, நான்கு மணி நேரம். நெய் கூடினால் வயிறு நெடுநேரம் "திம்"மென்று இருப்பதற்கும் காரணம் இதுதான்: கொழுப்பு முன்சிறுகுடலைத் தொட்டதும் அங்கிருந்து கொலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் கிளம்பி "வாசலைக் கொஞ்சம் மூடு" என்கிறது.

முன்சிறுகுடல் 25 செ.மீ. நீளம், பன்னிரண்டு விரலைப் பக்கம் பக்கமாக வைத்த அளவு என்பதால்தான் லத்தீனில் அதற்கு டியோடினம் என்று பெயர். அமிலப் பாகு அங்கே வந்தவுடன் சீக்ரெடின் சுரந்து கணையத்திடம் பைகார்பனேட் கேட்கும். 1902இல் பேலிஸ், ஸ்டார்லிங் இருவரும் லண்டனில் கண்டது இதைத்தான். ஹார்மோன் என்ற சொல்லே அதற்கடுத்துத்தான் வந்தது. பித்தநீரும் கணைய நீரும் சேர்ந்து ஒரே துளை வழியாக இங்கே கொட்டுகின்றன. பித்தப்பையிலிருந்து நழுவிய ஒரு சின்னக் கல் அந்தத் துளையில் சிக்கினால், பித்தம் தேங்கி மஞ்சள் காமாலை மட்டும் வராது, கணையமே வீங்கிவிடலாம். கணையம் தன் டிரிப்சினைத் தூங்கவைத்துத்தான் அனுப்பும், எழுப்பும் நொதி குடல் சுவரில் இருக்கிறது. வழி அடைபட்டு அது உள்ளேயே விழித்துக்கொண்டால் கணையம் தன்னையே செரிக்கத் தொடங்கும்.

இதற்குப் பிறகு மூன்றும் பிரிகின்றன. சோறு கணைய அமைலேஸால் மால்டோஸ் வரை வந்து, குடலுறிஞ்சிகளின் மேல்விளிம்பில் ஒட்டியிருக்கும் நொதிகளால் குளுக்கோஸாகும். பருப்பு அமினோ அமிலமாகவும் இரண்டு மூன்று கண்ணி கொண்ட சிறு துண்டுகளாகவும் உள்ளே போகும். இவை இரண்டும் கல்லீரல் வாயில் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்கு. நெய் அந்த வழியில் போவதில்லை! பித்த உப்பு அதைப் பொடித் துளியாக்க, லிப்பேஸ் வெட்ட, குடல் செல்லுக்குள் போனதும் மறுபடி கொழுப்பாகச் சேர்ந்து நிணநீர் நாளத்துக்குள் இறங்கி, நெஞ்சு வழியே மேலேறி, இடது கழுத்தடியில் இருக்கும் சிரையில்தான் ரத்தத்தோடு கலக்கிறது. பிள்ளைகளுக்கு இந்தச் சுற்றுப்பாதையைப் படமாக வரைந்து காட்டினால் மறக்கமாட்டார்கள்.

பிப்பெட்

அயோடின் சோதனைக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மாவுச்சத்து இருந்தால் அயோடின் கருநீலமாகும், உமிழ்நீர் அதை வெட்டிவிட்டால் அந்த நிறம் வராது. பத்து நிமிடத்தில் கருநீலம் போகவில்லை என்றால் பெரும்பாலும் மாவுக்கஞ்சி கெட்டியாகிவிட்டது, அல்லது சூடாக இருக்கும்போதே உமிழ்நீரை ஊற்றிவிட்டீர்கள்.

மாவு 1 கிராம், தண்ணீர் 100 மி.லி. இதற்கு மேல் வேண்டாம். மாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் குழைத்து, கொதிக்கும் மிச்சத் தண்ணீரில் ஊற்றிக் கிளறுங்கள். நேராகக் கொதிநீரில் தூவினால் கட்டி கட்டும், கட்டிக்குள் இருக்கும் மாவை நொதி தொடாது. கைச்சூட்டுக்கு ஆறட்டும், 37 டிகிரி. 60 டிகிரிக்கு மேல் போனால் அமைலேஸ் வெந்து வீணாகிவிடும்.

வாயை வெறும் தண்ணீரில் நன்றாகக் கொப்பளித்து, இரண்டு நிமிடம் கழித்து உமிழ்நீர் எடுக்க வேண்டும். 5 மி.லி. கஞ்சிக்கு 1 மி.லி. உமிழ்நீர். ஒரு சிட்டிகை சமையல் உப்பு போட்டால் நல்லது, இந்த நொதிக்குக் குளோரைடு வேண்டும். சோதனைக் குழாயை வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள டம்ளரில் நிறுத்துங்கள்.

அயோடினைக் குழாய்க்குள் ஊற்றாதீர்கள். பெரும்பாலான பள்ளிகளில் இதுதான் நடக்கிறது. வெள்ளை ஓட்டில் வரிசையாக அயோடின் சொட்டு வைத்து, நிமிடத்துக்கு ஒரு முறை குழாயிலிருந்து ஒரு சொட்டு எடுத்து ஒவ்வொன்றில் விடுங்கள். முதலில் கருநீலம், பிறகு ஊதா, பிறகு செம்பழுப்பு, கடைசியில் அயோடினின் சொந்த மஞ்சள் பழுப்பு. அந்தக் கடைசி நிறம் வந்த நிமிடம்தான் விடை. ஆய்வகத்தில் அயோடின் தீர்ந்துவிட்டால், மருந்துக்கடை பொவிடோன் அயோடினை டீ நிறத்துக்கு நீர்த்துக்கொண்டாலும் வேலை நடக்கும்.

பக்கத்தில் கொதிக்கவைத்து ஆறிய உமிழ்நீரோடு இன்னொரு குழாய் கட்டாயம் இருக்க வேண்டும். அதில் நிறம் மாறக்கூடாது. மாறினால், யாரோ வைட்டமின் சி மாத்திரையோ புளிப்பு மிட்டாயோ சப்பிவிட்டு வந்திருக்கலாம். வைட்டமின் சி அயோடினின் நிறத்தையே அழித்துவிடும், செரிமானம் நடந்தது போலப் பொய் காட்டும். கடைசியாக ஒன்று: ஒவ்வொரு பிள்ளையும் தன் உமிழ்நீரை மட்டும் தொடட்டும். முடிந்ததும் குழாய்களை பிளீச்சிங் கரைசலில் போட்டுக் கழுவுங்கள்.

மிதமாய்ச்_சாப்பிடு

பித்தப்பை கேள்விக்கு வர்றேன். பித்தநீரைச் சுரக்கிறது கல்லீரல், பித்தப்பை இல்லைங்க. ஒரு நாளைக்கு 600 மி.லி.யிலிருந்து ஒரு லிட்டர் வரைக்கும் கல்லீரல் சுரக்குது. பித்தப்பை 30 முதல் 50 மி.லி. கொள்ளுற சின்னப் பை, தண்ணியை உறிஞ்சி பித்தநீரைச் சுண்டவச்சு வச்சிருக்கும். கொழுப்பு வந்ததும் கெட்டிப் பித்தத்தை ஒரே மூச்சுல பீச்சும். அதை எடுத்துட்டா பித்தம் நின்னு போகாது, நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டா முன்சிறுகுடல்ல இறங்கிட்டே இருக்கும்.

அதனால நெய் செரிக்கும். ஒரே வேளைல நாலு பூரி, மேல அல்வான்னு மொத்தமாப் போட்டாத்தான் பித்தம் பத்தாது. அதே எண்ணெயை நாள் முழுக்கப் பரப்பிக்கணும், ஒரு வேளைக்கு ரெண்டு டீஸ்பூன், அதாவது 10 கிராம் மாதிரி, முதல் சில வாரம். சிலருக்குச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல தண்ணியா வயித்தால போகும். பித்த உப்பு பெருங்குடலுக்குத் தப்பிப் போயி அங்க தண்ணியை இழுக்கிறதால வர்றது அது. பெரும்பாலும் தானா அடங்கிடும், வாரக் கணக்கா நின்னா டாக்டர்கிட்ட சொல்லணும், அதுக்குன்னே பித்த உப்பைக் கட்டிப்போடுற மருந்து இருக்கு.

ஆபரேஷன் பண்ணவங்களுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்குமே ஒண்ணு: மலம் களிமண் மாதிரி வெளுத்து, சிறுநீர் காபி மாதிரி கறுத்தா பித்தம் எங்கயோ அடைபட்டிருக்குன்னு அர்த்தம். தார் மாதிரி கறுப்பா, பிசுபிசுன்னு மலம் போனா மேல எங்கயோ ரத்தக் கசிவு. அன்னைக்கே ஆஸ்பத்திரி. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், ஆனா அந்தப் பிசுபிசுப்பும் நாத்தமும் இருக்காது.

அடுத்தது தண்ணி. ஒரு டம்ளர், ரெண்டு டம்ளரால ஒண்ணும் ஆகாது. சோறே அமிலத்தைத் தண்ணியை விட அதிகமா மட்டுப்படுத்துது, சாப்பிட்ட உடனே இரைப்பை பி.எச். 4, 5 வரைக்கும் ஏறும். செல்கள் அமிலத்தைச் சுரந்து திரும்பக் கீழ கொண்டுவந்துடும். தண்ணி காத்திருக்கவும் செய்யாது, வெறும் வயித்துல குடிச்சா 10, 20 நிமிஷத்துல பாதி வெளியேறிடும். நெஞ்செரிச்சல் இருக்கிறவங்க மட்டும் வயிறு முட்டக் குடிக்காம இருக்கலாம், அது அமிலம் நீர்க்கிறதுக்காக இல்ல, வயிறு உப்பினா மேல்வாசல் தளர்ந்து அமிலம் ஏறும், அதுக்காக.

அதே அமிலத்தோட சேர்ந்த ஒரு தப்பு ரொம்பப் பேர் பண்றாங்க. அமிலத்தைக் குறைக்கிற ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் மாத்திரையைச் சாப்பிட்டு முடிச்சப்புறம் போட்டுக்கிறது. இரைப்பைச் செல்லுல அமிலத்தை வெளிய தள்ளுற பம்ப் இருக்கு, மருந்து ஓடிக்கிட்டிருக்கிற பம்பைத்தான் பூட்டும். சாப்பாட்டுக்கு அரை மணிக்கு முன்னாடி போட்டாதான் பம்ப் எல்லாம் எழும்பும்போது மருந்து ரத்தத்துல இருக்கும்.

குறுக்குவெட்டு

இலியம்47 நன்றாகச் சொன்னார், ஆனால் இரைப்பையைக் கிடங்கு, மில் என்பதோடு நிறுத்தியதில் எனக்கு உடன்பாடில்லை. பி12ஐப் பிடித்துக்கொண்டு போகும் உட்காரணிப் புரதம் இரைப்பைச் சுவரில்தான் சுரக்கிறது. அது இல்லாமல் கடைசிச் சிறுகுடல் பி12ஐ ஏற்காது. அவரே சொன்ன ஆயுள் ஊசி அதற்குத்தான். கீரை, தானியத்திலுள்ள இரும்பைக் கரையும் நிலைக்குக் கொண்டுவரவும் அமிலம் வேண்டும். உணவோடு வரும் கிருமியில் பெரும்பகுதியை அது கொல்கிறது. எல்லாவற்றையும் அல்ல. ஹெலிகோபாக்டர் பைலோரி அந்த அமிலத்திலேயே குடியிருந்து புண் உண்டாக்குவதை பெர்த் நகரில் வாரனும் மார்ஷலும் காட்டி, 2005இல் நோபல் வாங்கினார்கள்.

"வயித்துலதான் செரிக்குது" என்ற நம்பிக்கைக்கு ஒரு பழைய ஆதாரமும் உண்டு, வகுப்பில் சொல்லலாம். 1822இல் அமெரிக்காவின் மாக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞருக்குத் துப்பாக்கிச் சூடு பட்டு, இரைப்பையில் ஆறாத துளை நிலைத்துவிட்டது. ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட், இறைச்சி, ரொட்டி, முட்டைக்கோஸ் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அந்தத் துளை வழியாக இறக்கி, மணிக்கொரு முறை இழுத்துப் பார்த்தார். துண்டுகள் நூலிலிருந்து காணாமல் போயின. இரைப்பை நீர் வேதிமுறையில் வேலை செய்கிறது என்பது அதில் உறுதியாயிற்று. ஆனால் பிள்ளைகளிடம் கேளுங்கள்: நூலிலிருந்து கழன்று கூழானது உடம்பில் சேர்ந்துவிட்டதா? இல்லை. அது பைலோரஸுக்கு இந்தப் பக்கமே இருக்கிறது.

பாடநூல் எண்கள் இரண்டைத் திருத்திக்கொள்ளுங்கள். சிறுகுடல் 6 மீட்டருக்கு மேல் என்பது பெரும்பாலும் உயிரற்ற உடலில் தசை தளர்ந்த பிறகு அளந்தது. உயிருள்ளவரிடம் தசை இறுக்கத்தோடு ஏறக்குறைய அதில் பாதிதான். உறிஞ்சும் பரப்பு டென்னிஸ் மைதானம் அளவு என்பதும் பழைய கணக்கு. 2014இல் மறுபடி அளந்தபோது மொத்தச் செரிமானப் பாதையும் சேர்ந்து 30 சதுர மீட்டருக்குச் சற்று மேல்தான் வந்தது. பேட்மிண்டன் மைதானத்தில் பாதி.

சாக்பீஸ்_தூள்

எல்லாருக்கும் நன்றி. பிப்பெட் சார், அயோடினைக் குழாய்க்குள்ளேதான் ஊற்றினோம்! இன்னும் ஒன்று: சாப்பிட்ட உடனே கழிவறைக்கு ஓடும் பிள்ளைகள் "சாப்பிட்டது அப்படியே வந்துடுச்சு" என்கிறார்கள். பெருங்குடலை எப்படி விளக்குவது? பருப்பால் வாயு வருவதையும் கேட்பார்கள்.

இலியம்47

குறுக்குவெட்டு சொன்னதை ஏற்கிறேன், உட்காரணியை விட்டிருக்கக்கூடாது.

சாப்பிட்டதும் வருவது நேற்றையதோ முந்தாநாளையதோ. இரைப்பை விரிந்ததும் நரம்பு வழியாகப் பெருங்குடலுக்குச் செய்தி போய், அது இருப்பதைத் தள்ளி இடம் பண்ணுகிறது. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு இது பலமாக இருக்கும். நிரூபிக்க மக்காச்சோளம் போதும். ஒரு கைப்பிடி அவித்த சோளத்தைச் சரியாக மெல்லாமல் விழுங்கி, நேரத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தோல் செல்லுலோஸ், நம்மிடம் அதை வெட்டும் நொதி இல்லை, அப்படியே வெளியே வந்து கண்ணில் படும். பெரும்பாலும் ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள். பீட்ரூட்டும் காட்டிக்கொடுக்கும், ஆனால் சிவப்பைப் பார்த்து வீட்டில் பயந்துவிடுவார்கள்.

பெருங்குடல் சுமார் 1.5 மீட்டர். அதன் வேலையைத் தண்ணீர்க் கணக்காகச் சொல்லுங்கள். நாம் குடிப்பதும் உண்பதுமாக 2 லிட்டர், உமிழ்நீர் முதல் குடல் நீர் வரை உடம்பே ஊற்றுவது ஏறத்தாழ 7 லிட்டர், ஆக 9 லிட்டர் ஒரு நாளில் குடலுக்குள் வருகிறது. பெரும்பகுதியைச் சிறுகுடல் திரும்ப எடுத்துக்கொள்ள, சுமார் 1.5 லிட்டர் பெருங்குடலுக்கு வரும். மலத்தோடு போவது 100 முதல் 200 மி.லி. மட்டும். இந்தத் திரும்ப எடுக்கும் கணக்கு தவறுவதுதான் வயிற்றுப்போக்கு.

பருப்பில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உண்டு. அவற்றை வெட்டும் நொதி நமக்கு இல்லாததால் முழுசாகப் பெருங்குடல் வந்து பாக்டீரியாவுக்கு விருந்தாகின்றன, ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேன். கொண்டைக்கடலை, காராமணியை எட்டு மணி நேரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவைத்தால் குறையும், முளைகட்டினால் இன்னும் குறையும். ஊறிய தண்ணீரிலேயே வேகவைப்பவர்கள் சர்க்கரையைத் திரும்பக் குடிக்கிறார்கள்.

மிதமாய்ச்_சாப்பிடு

தண்ணிக் கணக்கு வந்ததால ஓ.ஆர்.எஸ். (வயித்துப்போக்குக்குக் குடிக்கக் கொடுக்கிற உப்பு, சர்க்கரைக் கரைசல்) பத்தி ஒரு வார்த்தை, பிள்ளைங்களுக்குப் பாடத்தை விட இது உதவும். குடல் செல்லுல குளுக்கோஸும் சோடியமும் ஒரே கதவு வழியா ஜோடியாத்தான் உள்ள போகும், பின்னாலயே தண்ணி போகும். காலரால தண்ணி வெளிய கொட்டினாலும் இந்தக் கதவு கெடுறதில்ல. 1971ல வங்காள எல்லையில பாங்காவ் அகதி முகாம்ல டிரிப் பாட்டில் தீர்ந்தப்போ டாக்டர் திலீப் மஹலநாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணியை வாய்வழியாக் கொடுத்துப் பல உயிரைக் காப்பாத்தினது இந்தக் கதவை நம்பித்தான்.

பாக்கெட்ல தப்பு நடக்கிறது அளவுலதான். பெரிய பாக்கெட் சுமார் 21 கிராம், ஒரு லிட்டர் தண்ணிக்கு. சின்னது சுமார் 4 கிராம், 200 மி.லி.க்கு. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளர்ல கரைச்சுக் கொடுத்துடுறாங்க. அந்தக் கெட்டித் தண்ணி குடலுக்குள்ள இன்னும் தண்ணியை இழுத்து, போக்கை அதிகமாக்கும், குழந்தைக்கு ரத்தத்துல சோடியமும் ஏறும். பாக்கெட்டுல பாதியை எடுத்து வச்சுட்டு மீதியைக் கலக்குறதும் கூடாது, உப்பும் சர்க்கரையும் சமமாக் கலந்திருக்கும்னு சொல்ல முடியாது. பாக்கெட் கிடைக்கலைன்னா கொதிச்சு ஆறின ஒரு லிட்டர் தண்ணில தலைதட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டின அரை டீஸ்பூன் உப்பு. கரைச்சதும் நாக்குல வச்சுப் பாருங்க, கண்ணீரை விடக் கரிச்சா கொட்டிட்டுப் புதுசாக் கரைக்கணும். கரைச்சது 24 மணி நேரம் வரைக்கும்தான்.